‘ஏலாது’ என்று சொல்லப் பழகுவோம்



கொஞ்சம் நீண்ட பதிவு. அஸ்வெசும மேன்முறையீடு போட்டவர்களுக்கு, குறிப்பாக வீட்டில் ஏலாத ஒருவர் இருந்து, பிரதேச செயலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தவர்களுக்கு இது உதவக்கூடும். அதனால் விபரமாகவே எழுதுகிறேன். மச்சானிடமும் தாத்தாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேரப் போடாதீங்க, மத்ததெல்லாம் எழுதுங்க” என்றார் மச்சான்.

(கிழக்கில் இருக்கும் தோழிகளுக்கு: எங்கள் பக்கம் தாத்தா என்றால் உங்கள் ராத்தா. அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் இதைச் சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.)

மச்சான் த்ரீவீல் ஓடியவர். கராம்பு சீசனில் கையில் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று மரம் ஏறவும் போவார். மாத்தளையில் பாதிப்பேருக்கு இந்த இரண்டு தொழில்தான். 2021இல் ஒரு நாள் கொப்பு முறிந்து விழுந்தார். கண்டி ஆஸ்பத்திரி, பிறகு திகன புனர்வாழ்வு ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மகள் ஏழாம் ஆண்டு, மகன் மூன்றாம் ஆண்டு. தாத்தா வீட்டிலேயே தைக்கிறார்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பம் அஸ்வெசும பட்டியலில் இல்லை. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் பெயர் போகவில்லை. 2023இல் அந்தக் கொடுப்பனவு 5,000 ரூபாய். 2024இல் 7,500 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக்கினார்கள். மச்சானுக்கு மாதம் பம்பர்ஸுக்கு மட்டுமே அந்தளவு போகிறது. அதனால் 10,000 என்பது எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. தாத்தா இரவு பன்னிரண்டு மணிவரை மெஷினில் இருப்பதா, பத்து மணிக்குப் படுப்பதா என்பதை அந்தப் பணம்தான் தீர்மானிக்கிறது.

ஏன் விடுபட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “எங்களுக்கு அநியாயம்” என்று எழுதினால் அது மேன்முறையீடு ஆகாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பதியப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். எழுத ஏலாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது.

பதில் வந்தது. மூன்று இடங்களில் பிரச்சினை.

முதலாவது, மச்சானின் பெயரில் ஒரு த்ரீவீல். அது விபத்து நடந்த அடுத்த மாதமே ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றது. விற்றது ஓப்பன் பேப்பரில். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றவில்லை. பதிவில் இன்றைக்கும் மச்சான் வாகன உரிமையாளர்.

இரண்டாவது, கரண்ட் பில். மற்ற வீடுகளை விடக் கூடுதல்தான். இரவு பகல் ஓடும் ஃபேன், படுக்கைப்புண் வராமலிருக்க மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார், எங்கள் நானா வாங்கித் தந்த பழைய வாஷிங் மெஷின். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெட்ஷீட் கழுவும் வீடு அது. நோய்க்காக ஓடும் மெஷின்கள் பில்லில் வசதி மாதிரித் தெரிகின்றன.

மூன்றாவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அங்கவீனம் பற்றிய இடத்தில் பதிந்திருந்தது, நடப்பதில் ‘கொஞ்சம் சிரமம்’.

கொஞ்சம் சிரமமா? நாலு வருடமாகக் கால் நிலத்தில் படாத மனிதருக்கா? எனக்குக் கோபம் வந்தது. தாத்தாவிடம் கேட்டேன். அன்று நடந்ததை அவர் சொன்னார்.

கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று கிராம உத்தியோகத்தர் முதல்நாளே சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஆள் வருவதென்றால் நம் பெண்கள் என்ன செய்வோம்? தாத்தா வீட்டைக் கூட்டித் துடைத்தார். சக்கர நாற்காலியை மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். கொமோட் கதிரையைப் பின்பக்கம் தள்ளினார். காற்று மெத்தைக்கு மேல் நல்ல பெட்ஷீட்டை விரித்தார். மச்சானுக்குக் குளிப்பாட்டி, புதுச் சாரம் உடுத்தி, ஜன்னலோரக் கதிரையில் உட்கார வைத்தார். அதற்கே ஒன்றரை மணித்தியாலம் போனதாம்.

வந்த பிள்ளை கேட்டது: “கொஹொமத?”

மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஹொந்தய்.”

நடக்கக் கஷ்டமா என்று கேட்டதற்கு: “டிக்கக் அமாருய்.” கொஞ்சம் கஷ்டம்தான்.

வந்த பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை ஃபோனில் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. மச்சானையும் குறை சொல்ல ஏலாது. யாராவது சுகம் விசாரித்தால் ‘அல்ஹம்துலில்லாஹ், சுகம்’ என்று சொல்லத்தானே நாம் வளர்ந்திருக்கிறோம். வலியைப் பிறத்தியாருக்குச் சொல்வது முறைப்பாடு, முறைப்பாடு ஸபருக்கு எதிர் என்று நினைக்கிறோம். ஆனால் அய்யூப் நபி தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லித்தான் அல்லாஹ்விடம் கேட்டார்கள். அதற்குப் பிறகும் பொறுமையாளர் என்ற பெயர் அவர்களை விட்டுப் போகவில்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்வது முறைப்பாடு அல்ல என்பதை மச்சானுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

‘ஏலாது’ என்ற சொல்லைப் பாருங்கள். நம் பேச்சில் அதற்கு இரண்டு அர்த்தம். ‘முடியாது’ என்பது ஒன்று. ‘வாப்பாவுக்கு ஏலாது’ என்றால் வாப்பாவுக்குச் சுகமில்லை என்பது மற்றது. நோயையும் இயலாமையையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். அந்தச் சொல்லை மற்றவரைப் பற்றித்தான் சொல்கிறோம். ‘எனக்கு ஏலாது’ என்று ஒரு ஆம்பிளை, அதுவும் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வது லேசான காரியமில்லை.

இது மச்சானின் பிரச்சினை மட்டுமல்ல. உலகம் முழுக்க இப்படித்தான். ‘நீங்கள் அங்கவீனரா?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். அதனால்தான் 2001இல் ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் அமைந்த ‘வாஷிங்டன் குழு’ கேள்வியையே மாற்றியது. பார்ப்பதில் சிரமமா, கேட்பதில், நடப்பதில், ஞாபகம் வைப்பதில், தன் வேலைகளைத் தானே செய்வதில், பேசுவதில் சிரமமா என்று ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்பதிலிருந்து ‘அறவே முடியாது’ என்பது வரை நாலு பதில்கள். இலங்கையில் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்த ஆறு விடயங்களைத்தான் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், ஏதாவது ஒன்றில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். அப்போதும் எத்தனை பேர் ‘ஹொந்தய்’ என்று சொல்லியிருப்பார்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

அடுத்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க அங்கவீனமுற்றோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அங்கவீனமுற்றவர் யார் என்று அதில் ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், உடல் அல்லது உளக் குறைபாடு காரணமாகத் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ *தானாக* நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர்.

‘தானாக.’ இந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வீடு தவறிப்போகிறது. “குளிக்கிறீங்களா?” என்று கேட்டால் மச்சான் “ஓம்” என்பார். உண்மைதான், தினமும் குளிக்கிறார். குளிப்பாட்டுவது தாத்தா. “வெளியில போறீங்களா?” “ஓம், ஜும்ஆவுக்குப் போறேன்.” உண்மைதான். தூக்கி ஏற்றுவது பக்கத்து வீட்டு இரண்டு பையன்கள். குடும்பமாக வாழும் வீட்டில் ‘நான் செய்கிறேன்’ என்பதும் ‘எனக்குச் செய்து தருகிறார்கள்’ என்பதும் ஒன்றாகக் கலந்துவிடும். அன்பு இருக்கும் வீட்டில் இன்னும் கூடக் கலக்கும். கேட்கிற அதிகாரிக்கோ இரண்டும் வேறு வேறு.

நான் ஆரம்பப் பிரிவு டீச்சர். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், நேரசூசி. ஒரு சிஆர் கொப்பியை மச்சானின் மகளிடம் கொடுத்து, மூன்று நாளைக்கு வாப்பாவின் நேரசூசியை எழுதச் சொன்னேன். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார் உதவினது.

பிள்ளை எழுதியிருந்ததில் கொஞ்சம்:

“4.40 உம்மா வாப்பாவ மற்றப் பக்கம் திருப்பினது. 5.15 சுபஹ், படுக்கையில. 6.00 டியூப் மாத்தினது, உம்மா. 6.30 இருந்து 7.10 கட்டில்ல இருந்து கதிரைக்கு வந்தது, உம்மாவும் நானும். நான் ஸ்கூலுக்கு லேட்.”

கடைசி வரியை மச்சான் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒத்திகைக்கு உட்காரச் சம்மதித்தார்.

ஒத்திகை என்றால், நான் அதிகாரி. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். “அல்ஹம்துலில்லாஹ், சுகமா…” என்று தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார். மூன்று நாள் எடுத்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். அல்ஹம்துலில்லாஹ் சொல்லட்டும், அதை விட வேண்டாம். அதற்கு அடுத்த வசனத்தில் நேரசூசியைச் சொல்லட்டும். “அல்ஹம்துலில்லாஹ். கட்டில்ல இருந்து கதிரைக்கு வர நாற்பது நிமிஷம் போகுது. ரெண்டு பேர் புடிக்கணும்.” இரண்டுமே உண்மை.

என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே 2013இல் வந்த பிஐபி என்ற அங்கவீனக் கொடுப்பனவுக்கு அயலவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள். ஒரு வேலையைச் ‘செய்ய முடியும்’ என்று சொல்வதற்கு அங்கே நாலு அளவுகோல் இருக்கிறதாம்: பாதுகாப்பாகச் செய்ய முடியுமா, ஒழுங்காகச் செய்ய முடியுமா, தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடியுமா, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா. நாலில் ஒன்று இல்லையென்றாலும் முடியாது என்றுதான் கணக்கு. இது நம் நாட்டு விதி இல்லை. ஆனால் பதில் சொல்லப் பழகுவதற்கு அருமையான வழி. மச்சான் ஒரு தடவை தனியாகக் கதிரைக்கு மாறியிருக்கிறார், உண்மைதான். விழுந்து தோள்பட்டை வீங்கிப் பத்து நாள் படுத்தும் இருக்கிறார். அது ‘ஏலும்’ ஆகாது.

இப்போது ஒரு சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மச்சான் ஜன்னலோரம் இருந்து ரீலோட் போட்டுக் கொடுக்கிறார். சீசனில் மிளகும் சாதிக்காயும் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறார். பெரிய வருமானம் இல்லை. தாத்தா சொன்னார்: “அதச் சொல்ல வேணாம். சொன்னா உழைக்கிறாருன்னு வெட்டிருவாங்க.” அவருடைய பயம் எனக்கு விளங்கியது. அந்தப் பயம் நியாயமானதும்கூட.

மச்சான் ஒரேயடியாக மறுத்தார். “வலியச் சொல்லச் சொன்னீங்க, சொல்றேன். சல்லியையும் சொல்லணும். ஒண்டச் சொல்லி ஒண்ட மறைச்சா ரெண்டுமே பொய்.” நாலு வருடமாக வலியை மறைத்த மனிதர், வருமானத்தில் ஒரு ரூபாயையும் மறைக்கமாட்டேன் என்றார். தாத்தா அன்று இரவு என்னோடு பேசவில்லை. காலையில் தானே உட்கார்ந்து ரீலோட் கணக்கை ஒரு தாளில் எழுதித் தந்தார்.

கடதாசி வேலைகளில் த்ரீவீல்தான் பெரும்பாடு. வாங்கியவர் கலேவெலயில் இன்னொருவருக்கு விற்றிருந்தார். தேடிப்பிடிக்க மூன்று கிழமை. வாங்கிய இருவரும் மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தோம், பெயர் மாற்றத்துக்கும் கொடுத்தோம். அடுத்தது டாக்டரின் கடிதம். பழைய டயக்னோசிஸ் காட்டில் நோயின் பெயர் மட்டும்தான் இருந்தது. நேரசூசியைக் கிளினிக் டாக்டரிடம் காட்டி, எந்தெந்த வேலை தனியாக ஏலாது என்றும் எழுதித் தரக் கேட்டோம். வாசித்துவிட்டு அரைப் பக்கம் எழுதித் தந்தார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்.

விசாரணைக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன, எது என்று நான் சொல்லப்போவதில்லை. மச்சானுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது த்ரீவீல் சிங்களம். வாடகை பேசப் போதும், உடம்பைப் பற்றிச் சொல்லப் போதாது. அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அதிகாரியோடு தமிழில் கருமம் ஆற்ற நமக்கு உரிமை இருக்கிறது. தமிழில் பதில் சொல்ல ஏற்பாடு வேண்டும் என்று ஒரு கிழமைக்கு முன்பே எழுதிக் கொடுத்தோம்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்டோம். விசாரணை மேல்மாடியில், லிஃப்ட் இல்லை. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போய், 2011 ஏப்ரல் 27இல் அதற்கு உத்தரவும் வாங்கினார். 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர் அவர். இதை மச்சானிடம் சொன்னபோது, “அவருக்கு மேல மரம் விழுந்திச்சு, நான் மரத்துல இருந்து விழுந்தேன்” என்று சிரித்தார். அவர் சிரித்துக் கனகாலம்.

அல்ஹம்துலில்லாஹ், இரண்டையும் செய்து தந்தார்கள். கீழ்மாடியில் ஒரு மேசை போட்டு, தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தரையும் கூப்பிட்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்று சொல்லவில்லை. கேட்காமல் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

விசாரணை இருபது நிமிடம். எதை எதையோ எதிர்பார்த்துப் போனோம். அவர்கள் கேட்டது சாதாரணக் கேள்விகள். “காலையில எழும்பினா என்ன செய்வீங்க?” மச்சான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. நாம் பேசினால் டீச்சர் பேசுவதாகத்தான் பதிவாகும். நடுவில் குரல் ஒரு இடத்தில் உடைந்தது, மகள் ஸ்கூலுக்கு லேட்டாவதைச் சொன்ன இடம். ரீலோட் கணக்கை அவரே எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இதை யாரும் தானாகக் கொண்டுவந்து தருவதில்லை” என்று சிங்களத்தில் சொன்னார். அதை நல்லதுக்குச் சொன்னாரா கெட்டதுக்குச் சொன்னாரா என்று தாத்தாவும் நானும் வரும் வழியெல்லாம் வாதாடினோம்.

முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

விசாரணைக்குப் போகிறவர்களுக்கு, சுருக்கமாக:

1. எந்தப் பதிவால் விடுபட்டீர்கள் என்று முதலில் கேட்டு எடுங்கள். அதற்கு மட்டும் பதில் தயார் செய்யுங்கள்.

2. மூன்று நாள் நேரசூசி எழுதுங்கள். நேரமும் உதவியவர் யார் என்பதும் கட்டாயம். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை எழுதினாலே போதும்.

3. ‘செய்கிறீர்களா’ என்று கேட்டால் ‘தனியாகச் செய்கிறீர்களா’ என்று காதில் வாங்குங்கள்.

4. நல்ல நாளையும் சொல்லுங்கள், கெட்ட நாளையும் சொல்லுங்கள். கிழமைக்கு எத்தனை நல்ல நாள் என்றும் சொல்லுங்கள்.

5. டாக்டரிடம் நோயின் பெயரோடு, தனியாக எது ஏலாது என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள்.

6. ஓப்பன் பேப்பரில் விற்ற வாகனம் இருந்தால் இன்றைக்கே தேடத் தொடங்குங்கள்.

7. மொழி, படிக்கட்டு போன்ற தேவைகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியோடு கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோகொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். குறைத்தும் சொல்லாதீர்கள்.

9. வீட்டுக்கு அதிகாரி வந்தால் வீட்டைக் கூட்டுங்கள், தேத்தண்ணி கொடுங்கள். சக்கர நாற்காலியை மட்டும் ஒளிக்காதீர்கள்.

மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டைப் பக்கம் யாருக்காவது நேரசூசி எழுதவோ தமிழில் கடிதம் எழுதவோ உதவி வேண்டுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு நேரம் இருக்கிறது. மச்சானும் வருவதாகச் சொல்கிறார், அதாவது நீங்கள் அவர் வீட்டுக்கு வந்தால். ஒத்திகையில் அதிகாரியாக அவரே உட்காருகிறாராம். என்னை விடக் கடுமையாகக் கேள்வி கேட்பார், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.